சேதாரத்துக்கு விட்ட புல் கெண்டைகள்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பண்ணைப் பதிவேட்டில் தண்ணீர் மட்டமும் விடுப்பு விண்ணப்பமும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே தயங்குகிறவன் நான். நாலு பேர் படிப்பதற்கென்று எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தேன். தண்ணீரிலேயே நின்று முழங்கால் தேய்ந்துபோனதால் ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது பண்ணையில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கிறார்களாம். போன் செய்தார்கள்.

“அண்ணா, புல் கெண்டையப் பத்தி எழுதிக் குடுங்க. யாரோ வீடியோ போட்டுட்டாங்க போல. வாரத்துக்கு நாலு பேரு போன் பண்ணி, ஏரியில பாசி மண்டிக் கெடக்குது, புல் கெண்டை குடுங்கன்றாங்க.”

“அதெல்லாம் மேடத்துக்கிட்ட கேளுங்கப்பா. அவங்க படிச்சவங்க.”

“மேடம் எழுதுனா பாடமாட்டம் இருக்குமுங்க. நீங்க பண்ணுன தப்ப எழுதுங்க, அதுதான் எல்லாரும் படிப்பாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். சரி, அதையே எழுதுகிறேன்.

இருபத்தாறு வயதில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் தொட்டி கழுவினேன், வலை தைத்தேன். மூன்றாம் வருடம் சினை மீனுக்கு ஊசி போடும்போது பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நான்காம் வருடம் குஞ்சு கட்டும் வேலை கைக்கு வந்தது. அதற்குப் பிறகு என்னை அந்த வேலையிலிருந்து யாரும் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. ஆளோடு பேச வேண்டாத வேலை அது.

குஞ்சு கட்டுவது என்றால், தூரத்து ஏரிக்கு உயிரோடு போய்ச் சேரும்படி பையில் அடைப்பது. முதல் நாளே குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றிப் பட்டினி போட வேண்டும். வயிற்றில் தீனியோடு பைக்குள் போனால் உள்ளேயே கழிந்து, அந்தக் கழிவே தண்ணீரைக் கெடுத்துக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். மறுநாள் விடியற்காலை பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் பிடித்து, குஞ்சுகளை எண்ணி விட்டு, உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு ஆக்சிஜன் நிரப்ப வேண்டும். பை தலையணை மாதிரி விறைத்ததும் வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டு போட வேண்டும். ஏரிக்குப் போனதும் அவிழ்த்துக் கொட்டிவிடக் கூடாது. பையை அப்படியே கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட்டு, உள்ளே வெளியே சூடு ஒன்றானதும், ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகளைத் தானாக வெளியே போக விட வேண்டும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் சாகும் என்பதற்காக ஒரு பங்கு கூடுதலாகப் போட்டு அனுப்புவோம். அதைச் சேதாரம் என்போம். கட்லா, ரோகு குஞ்சுகளை வடிகட்டிக் கப்பில் அள்ளி எண்ணும்போது, பத்துக் கப்புக்கு ஒரு கப் சேதாரம். வெயில் காலமாக இருந்தால் இரண்டு. வாங்க வருகிறவர்களும் “சேதாரம் போட்டாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

இனி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பண்ணையின் மீன்வள ஆய்வாளர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் என்னைக் “கோவிந்தன், வாங்க” என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். கேள்வி ஒன்று கேட்பார், பதில் வரும்வரை சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத்தான் எங்களால் தாங்க முடியாது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றி என்னிடம் கொடுப்பார். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, நிழல் விழாத பக்கமாக நின்று, உள்ளங்கையை மேலே பார்க்க மடக்கி, கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்குவார். முழங்கை நனையும் இடத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் அளவான சத்தோடு இருக்கிறது. முழங்கை வரை போயும் கை பளிச்சென்று தெரிந்தால் சத்துப் போதாது, சாணி கரைத்து விடலாம். முழங்கைக்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் சத்து மிஞ்சிவிட்டது, எதையும் போடக் கூடாது. கருவி எல்லாம் பெட்டியில் இருக்கும். ஆனால் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

ஆறேழு வருடத்துக்கு முன்பு, மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கிராமத்து ஏரியை மகளிர் குழு குத்தகைக்கு எடுத்தது. அதுவரை அந்த ஏரியைக் குத்தகைக்கு எடுத்துவந்தவர் சக்திவேல். “பொம்பளைங்க ஒரு வருசம் பண்ணட்டும், அப்புறம் தன்னால எங்கிட்டதான் வரும்” என்று டீக்கடையில் சொல்லிவிட்டாராம். குழுத் தலைவி மாதம்மாள் அதைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் பண்ணைக்கு வந்தார்.

ஏரி முழுக்க வேலம்பாசி. தண்ணீருக்குள் கொடி கொடியாகப் படர்ந்து, வலை இறக்க முடியாமல், மாடு இறங்கினால் கால் சிக்கும் அளவுக்கு மண்டிக் கிடந்தது. மேடம் கையை விட்டுப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

“சத்தெல்லாம் பாசி புடிச்சு வெச்சிருக்கு. புல் கெண்டை விடலாம். ஆனா கொஞ்சமா விடணும்” என்று சொல்லி, கட்லா, ரோகு இவ்வளவு, புல் கெண்டை முந்நூறு என்று தாளில் எழுதினார். முந்நூறு என்பதன் கீழே ஒரு கோடு போட்டார். சாணி வேண்டாம் என்றும் எழுதினார். புல் கெண்டை தின்பதில் பாதிதான் செரிக்கும், மீதி பச்சையாகவே வெளியே வந்துவிடும், அதுவே ஏரிக்கு எரு.

குஞ்சு எடுக்க மாதம்மாள் வந்த அன்று மேடம் தருமபுரியில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சித்திரை வெயில். புல் கெண்டைக் குஞ்சு விரல் நீளம் இருந்ததால் கையால்தான் எண்ணினேன். முந்நூறு முடிந்ததும் மாதம்மாள் கேட்டார்.

“சேதாரம் போடலீங்களா அண்ணா?”

“மேடம் முந்நூறுதாங்க எழுதியிருக்காங்க.”

“அவங்க எழுதுனது ஏரிக்குள்ள போறதுக்கு. வழியில சாவறதுக்கு யாரு எழுதுவாங்க? நாப்பது மைலு போவணும், இந்த வெயில்ல. பாதி செத்துப் போய் நாங்க போய் நின்னா அந்த ஆளு வாயில விழணும்.”

அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. நான் மறுத்துப் பேசிப் பழகியவனும் இல்லை. அவர் சொன்ன பாதிக் கணக்குக்கே நூற்றைம்பது போட்டேன். பைகளை வண்டியில் ஏற்றிய பிறகு, முதல் தடவை செய்கிறார்கள், நல்லா வரட்டும் என்று மனசு இளகி, தொட்டியில் மிச்சமிருந்த நூறையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தேன். நானும் கூடப் போனேன். இதுவரை எழுதியதில் நான் பெருமைப்பட ஒன்று உண்டு என்றால் அது குஞ்சு கட்டுவதுதான். அன்றைக்கு என் வாழ்நாளிலேயே நன்றாகக் கட்டியிருந்தேன். பைகளை அவிழ்த்தபோது மூன்றே குஞ்சுகள் செத்திருந்தன. குழுப் பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்நூறுக்குப் பதில் ஐந்நூற்று நாற்பத்தேழு ஏரிக்குள் போகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நிறைய உயிர் பிழைத்தது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

கார்த்திகைக்குள் ஏரியில் பாசி இல்லை. கரையோரத்துக் கோரைகூட மொட்டையாகிவிட்டது. வலை தடையில்லாமல் போனது. மாரியம்மன் கோயிலில் எனக்குத் துண்டு போர்த்த வேண்டும் என்று கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். துண்டைப் பண்ணைக்கே கொடுத்தனுப்பினார்கள்.

தை மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து வெயிலே இல்லாமல் மூடாக்காக இருந்தது. நான்காம் நாள் விடியும்போது மாதம்மாள் போன் செய்தார்.

“அண்ணா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுங்க. கட்லா செத்து ஒதுங்குது. யாரோ மருந்து கலந்துட்டாங்க அண்ணா.”

மேடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது ஊரே கரையில் இருந்தது. ஏரி பச்சைப் பெயிண்ட் கரைத்த மாதிரி இருந்தது. தண்ணீர்மட்டத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடின. கரையில் முப்பது நாற்பது கட்லா வெளுத்துக் கிடந்தன.

கூட்டத்தின் நடுவில் முனிராஜ் நின்றுகொண்டிருந்தார். ஏரியை ஒட்டி அவருடைய தக்காளித் தோட்டம். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். முதல் நாள் தக்காளிக்கு மருந்து அடித்திருந்தார். தோட்டத்து வாய்க்கால் ஏரியில்தான் வடியும்.

“நேத்து மருந்து அடிச்சியா இல்லியா? அத மட்டும் சொல்லு” என்றார் சக்திவேல்.

“அடிச்சேங்க. வாரா வாரம் அடிக்கிறதுதானே. வாய்க்கால்ல தண்ணியே ஓடலீங்க, வந்து பாருங்க.”

“பாக்க வேண்டியவங்க ஸ்டேஷன்லருந்து வந்து பாப்பாங்க.”

முனிராஜின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சும்னிரு” என்று முனிராஜ் அவரை அடக்கினார். வாய்க்கால் பக்கம் நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை. புகார் மனு எழுதி முடித்துவிட்டார்கள். குழுத் தலைவி கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். சக்திவேல் வண்டியைக் கிளப்பியே வைத்திருந்தார். அவருக்குக் குழுவின் மீன் மேல் அன்று திடீரென்று அவ்வளவு அக்கறை.

நான் தண்ணீரில் இறங்கினேன். கையை விட்டேன். மணிக்கட்டு நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டது. கரையோரம் நீர்ப்பூச்சிகள் துள்ளி ஓடிக்கொண்டிருந்தன. மருந்து விழுந்திருந்தால் முதலில் சாவது அவைதான். எனக்குப் புரிந்துவிட்டது. பாசி பிடித்து வைத்திருந்த சத்தை எல்லாம் மீன் தின்று, தண்ணீரில் கழித்துவிட்டது. அந்தச் சத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பகலில் வெயில் பட்டால் அந்த நுண்பாசி தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும். இருட்டினால் அதுவே காற்றை எடுத்துக்கொள்ளும். மூன்று நாள் வெயில் இல்லை. முந்நூறு மீன் செய்ய வேண்டிய வேலையை ஐந்நூற்றுச் சொச்சம் செய்ததால் ஒன்றரை வருடத்தில் கரைய வேண்டியது ஏழெட்டு மாதத்தில் கரைந்துவிட்டது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். முனிராஜ் மருந்து அடித்ததாக ஒப்புக்கொண்டுவிட்டார், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். ஆனால் நினைத்தேன்.

மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். கடிகாரத்தையும் வளையலையும் என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிக் கையை விட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

“புல் கெண்டை எத்தனை விட்டீங்க கோவிந்தன்?”

வளையலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். அவர் பதிலுக்காகச் சும்மா நின்றார். பிறகு சொன்னேன்.

“சேதாரம் போட்டேங்க மேடம். சேதாரம் ஆகலீங்க.”

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பைக்குள்ள விடறதுக்கு முன்னாடி எதுக்குப் பட்டினி போடறீங்க?”

“கழிஞ்சா தண்ணி கெட்டுரும்னுங்க.”

“இது கொஞ்சம் பெரிய பை. அவ்வளவுதான்.” வளையலைக் கேட்டுக் கை நீட்டினார். “நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

அவர் சொல்லியிருந்தால் பதவிக்கு மரியாதை கொடுத்துக் கேட்டிருப்பார்கள். ஆனால் வாய்க்காலைக் காட்டி நீட்டிய முனிராஜின் கை என் கண்ணிலேயே நின்றது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன்.

“மருந்து இல்லீங்க. தப்பு என்னுதுங்க. மேடம் சொன்னதுக்கு மேல புல் கெண்டை விட்டுட்டேன். அது போட்ட எருதான் இது.”

முதலில் பேசியது சக்திவேல்தான்.

“ஓஹோ. மீன் பேண்டதுல மீன் செத்துப்போச்சுங்களா? நல்லாருக்குதே சார். அவன் எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?”

சிலர் சிரித்தார்கள். ஆனாலும் தொடங்கிவிட்டேனே, நிறுத்த முடியவில்லை.

“வெயில் ஏறுற வரைக்கும் இருங்க. மருந்தா இருந்தா மேல வந்த மீனு சாவும். காத்துப் பத்தாததா இருந்தா வெயில் பட்டதும் கீழ போயிரும். அதுக்கப்புறம் ஸ்டேஷனுக்குப் போங்க.”

மாதம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். குழுப் பெண்களும் உட்கார்ந்தார்கள். சக்திவேல் வண்டியை அணைத்தார்.

அன்றைக்கு மூடாக்கு விலகும் என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. எட்டரை வரை வானம் சாம்பலாகவே இருந்தது. இதற்குள் இன்னும் பத்துப் பதினைந்து கட்லா புரண்டுவிட்டன. ஒவ்வொன்று புரளும்போதும் சக்திவேல் “இன்னொன்னு” என்று சொன்னார். மேடம் ஜீப்பில் சாய்ந்து நின்று என்னைப் பார்க்காமல் இருந்தார், அது எனக்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒன்பதுக்கு மேல் வெயில் விழுந்தது. அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாய்கள் குறைந்தன. நடு ஏரியில் முதலில், பிறகு கரையோரம். பத்தரைக்குத் தண்ணீர்மட்டத்தில் ஒரு வாய்கூட இல்லை.

மாதம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

“மருந்து குடிச்சது எந்திரிச்சு வூட்டுக்குப் போவுங்களா சக்திவேலு?” என்று கேட்டுவிட்டு மனுவைக் கிழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சேதாரம் கேட்டது நானு. நீங்க ஒத்தையா நின்னு எதுக்கு வாங்கிக் கட்டிக்கிறீங்க?”

இந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாவை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முனிராஜ் என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். “காலையில வந்ததும் சொல்றதுக்கு என்னாங்க? மூணு மணி நேரமா என் வூட்டுக்காரி அழுதுட்டு நிக்கிறா” என்றார். சரியான கேள்விதான்.

மேடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கூடுதல் புல் கெண்டையை வெளியே எடுக்க வேண்டும், அதுவும் மதியத்துக்கு மேல், தண்ணீரில் காற்று நிறைய இருக்கும் நேரத்தில். பெருவலை இழுத்தால் அடிச்சேறு கலங்கி நிலைமை இன்னும் கெடும். அதனால் நாலு மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதக்க விட்டு, அடியில் வலையை விரித்து வைத்து, சதுரத்துக்குள் புல் போடச் சொன்னார். பாசி தீர்ந்து பட்டினியில் இருந்த மீன்கள் புல்லுக்கு வரும் என்று கணக்கு. வரப்பில் மாட்டுக்கு வளர்த்திருந்த புல்லை முனிராஜ் அறுத்துக் கொடுத்தார். “எம் மேல மனு எழுதுனவங்களுக்கு நானே புல்லும் குடுக்கறேன் பாரு” என்று சொல்லிக்கொண்டேதான் அறுத்தார்.

மீன்கள் வந்தன. இழுக்கும்போது நாலு மூலையிலும் நின்ற பெண்கள் வலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள், புல் கெண்டை தாண்டிக் குதிக்கும். ஒன்று குதித்து, கரையோரம் வேடிக்கை பார்த்து நின்ற சக்திவேலின் நெஞ்சில் மோதிவிட்டு விழுந்தது. அன்று அவரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் இருநூற்றுக்கு மேல் எடுத்து ஊருக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் புல் கெண்டைக்குச் சேதாரம் போட்டதில்லை. எத்தனை எழுதியிருக்கிறதோ அத்தனை. செத்தால் மறுபடி வந்து வாங்கிக்கொள்ளட்டும். ஏரியில் ஒரு பக்கம் மூங்கில் தட்டி கட்டிக் கொஞ்சம் பாசியை மீனிடமிருந்து காப்பாற்றி வைக்கவும் சொல்வேன். வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள். புல் கெண்டை பாசியை ஏரியை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை. வேறு உருவத்தில் ஏரிக்குள்ளேயே திரும்பப் போடுகிறது. திரும்பப் போட்டது ரோகுவுக்கும் கட்லாவுக்கும் தீனியாகப் போகிற வேகத்தில் இருந்தால் ஏரி செழிக்கும். அதைவிட வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

அன்று இருட்டுகிற நேரத்தில் மேடம் கிளம்பினார். விடியற்காலைதான் ஆபத்து, தண்ணீரை உறிஞ்சி மேலிருந்து திரும்ப ஏரியிலேயே பூவாக விழச் செய்தால் காற்றுக் கலக்கும், என்ஜின் யாரிடமாவது கிடைக்குமா என்று கேட்டார். முனிராஜ் தோட்டத்துக்குப் போய்த் தன் ஆயில் என்ஜினை உருட்டிக்கொண்டு வந்தார். குழாயை எந்தப் பக்கம் வைப்பது என்று என்னிடம் கேட்டார், காட்டினேன்.

மறுநாள் காலையில் ஒன்பது கட்லா செத்து ஒதுங்கியிருந்தன. மற்றவை கீழேயே இருந்தன. ஆறு மணிக்கு முனிராஜ் என்ஜினை நிறுத்திவிட்டுத் தக்காளி பறிக்கப் போனார். நான் பாலக்கோடு வழியாகப் பண்ணைக்குத் திரும்பி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.